நாற்பது மில்லிமீட்டர்

நாற்பது மில்லிமீட்டர் இறக்கினால் போதும் என்றேன்.
இம்தியாஸ் பதில் சொல்லவில்லை.
மல்லாந்து காருக்கடியில் நழுவிப்போனான்.
இரண்டு கால்கள் மட்டும் வெளியே,
ஒன்றில் செருப்பு.

பெங்களூரில் ஒருவர் விற்ற இரண்டு கதவு சிவப்பு.
பதினோரு வயது.
மூன்று சீசன் ஓவர்டைம், ஒரு சீட்டு,
வீட்டில் சொல்லாத ஒரு நகைக்கடன்.
மாங்கூழ் ஆலையின் ஆய்வகத்தில் எனக்கு வேலை:
ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்து
இனிப்பு எத்தனை டிகிரி என்று எழுதுவது.
பதினான்குக்குக் கீழே என்றால்
முழு லோடையும் திருப்பி அனுப்பச் சொல்வேன்.
அளவில் எனக்கு நம்பிக்கை உண்டு.

அதனால்தான் உறுத்தியது
டயருக்கும் மேல்வளைவுக்கும் நடுவே
அந்த இடைவெளி.
என் முஷ்டி முழுதாக நுழைகிறது.
பாயப்போகிற மிருகம்
முன்னங்காலைப் பதித்துப் பதுங்க வேண்டாமா?
இதுவோ
பாவாடையைத் தூக்கிப் பிடித்துச்
சேறு தாண்டுகிறவள் மாதிரி நிற்கிறது.

"டெய்லி எந்த வழியாப் போவீங்க?"
அடியிலிருந்து குரல்.

சொன்னேன்.
லண்டன்பேட்டையில் வீடு,
வாசலில் சாக்கடை மூடி, சாலையைவிட மூன்று விரல் உயரம்.
பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை,
வெள்ளைக்கோடு இல்லை,
யாரோ ஒரு அப்பா ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டது.
குழாய்க்குத் தோண்டி, மூடி, மறந்து, மறுபடி தோண்டிய இடம்.
ராயக்கோட்டைச் சாலை.
அப்புறம் ஆலைக்குத் திரும்பும் மண்பாதை.
ஜூனில் அங்கே லாரி வரிசை,
சக்கரத் தடங்கள் காய்ந்து கல்லாகி
நடுவில் முதுகெலும்பாக ஒரு மேடு.

சொல்லச் சொல்ல என் குரல் இறங்கியது.
நாற்பது மில்லிமீட்டர் இருக்கும்.

வெளியே வந்தான். கையைத் துடைத்தான்.
பின்சீட்டு என்ற பெயரில் இருக்கும் பொந்தில்
நான் வைத்திருந்த பையிலிருந்து
ஒரு பெங்களூரா மாம்பழத்தை எடுத்தான்.
தின்னத்தான் என்று நினைத்தேன்.
பழைய பேரிங் வளையமொன்றில் அதை நட்டுவைத்து
"நியூட்ரல்ல போடுங்க" என்று பின்னாலிருந்து தள்ளினான்.
கார் பழத்தின் தலைக்குமேல் போனது
கோயில் யானை போல, உரசாமல்.

பிறகு டீக்கடையிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டு
முன்பக்கம் ஏறி உட்காரச் சொன்னான்.
ஒருவன் டம்ளரோடு வந்தான்.
ஸ்பிரிங் முனகியது. காரின் முகம் தரைக்கு வந்தது.
அழகாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.
நான் கேட்ட அழகு அதுதான்.
அப்படியே பின்னோக்கி உருட்டினார்கள்.

சிமெண்டுத் தரையில் மஞ்சளாக ஒரு கோடு.
பழக்கதோஷம், விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
பதின்மூன்றரை.
திருப்பி அனுப்ப வேண்டிய பழம்.

"வேணும்னா இறக்கித் தரேன்" என்றான் இம்தியாஸ்.
"நானும் என் வண்டிய இறக்கினவன்தான். மூணே மாசம்.
தொப்பூர் வளைவுல ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போச்சு பாருங்க..."
கை அந்த வளைவைக் காற்றில் எடுத்து
பாதியில் நின்றது.
"ஆயில் பான்?" என்றேன்.
"அது ரெண்டு தடவ."

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்
நான்குவழிச் சாலையில் தனியாகப் போனேன்.
நூற்றுப்பத்தில் காற்று அதன் முதுகில் ஏறிக்கொண்டது.
மூக்கைத் தாழ்த்தி, தோளைக் குறுக்கி,
தானாகவே கொஞ்சம் இறங்கியது மாதிரி இருந்தது.
எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க
நான் வெளியே இல்லை.
சுங்கச்சாவடிக்கு முன்னால் ஆறு மேடுகள்,
எழுந்து, பாவாடையைத் தூக்கிக்கொண்டு,
ஒவ்வொன்றாகத் தாண்டியது.

புது ஸ்பிரிங்குகள் நான்கும்
கட்டிலுக்கடியில் பெட்டியில் இருக்கின்றன.
திருப்பி அனுப்புவதற்கான கடைசித் தேதி
நேற்று.